வீட்டடுப்புக்கு ஏற்ற விறகு: தேர்வும் பக்குவமும்

தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு மாநில அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்புகளும், 2016ஆம் ஆண்டு மே முதல் நாள் ஒன்றிய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் சிற்றூர்களின் சமையலறைகளைப் பெரிதும் மாற்றின என்பதில் ஐயமில்லை. ஆயினும் விறகடுப்பு அங்கிருந்து வெளியேறிவிடவில்லை. காப்பிக்கும் தாளிப்புக்கும் எரிவாயு, உலைக்கும் வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் விறகு என்ற பங்கீடு பல வீடுகளில் நிலைபெற்றிருக்கிறது. எரிவாயு உருளையின் விலை ஏறும் மாதங்களில் அந்தப் பங்கீடு விறகின் பக்கம் சாய்வதும் வழக்கமாகிவிட்டது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்காமற்போனபோது, விறகடுப்பை மறந்திருந்த கொழும்பு நகரக் குடும்பங்களும் விறகைத் தேடிச் செல்ல நேர்ந்தது. எனவே வீட்டடுப்புக்கு எத்தகைய எரிபொருள் ஏற்றது, அதை எவ்வாறு பக்குவப்படுத்த வேண்டும் என்ற கேள்வியைப் பழங்கதையாக ஒதுக்கிவிட முடியாது. இக்கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு மரவகைகளைச் சுற்றியே நடக்கிறது. சவுக்கா, கருவேலமா, புளியா என்பதே விவாதமாகிறது. ஆனால் மரவகையின் வேறுபாட்டைக் காட்டிலும் விறகின் ஈரமும் பிளவின் பருமனுமே அடுப்பின் வெப்பத்தையும் அடுப்படியின் புகையையும் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதும், அந்த இரண்டும் வீட்டாரின் கையிலேயே இருக்கின்றன என்பதும் போதிய அளவுக்கு எடுத்துரைக்கப்படவில்லை.

விறகு எரியும் முறையை முதலில் தெளிவாக்கிக்கொள்வது தேவை. கட்டை நேரடியாகத் தீப்பிடிப்பதில்லை. வெப்பம் பட்டவுடன் முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது. அது பெரும்பாலும் முடியும் வரை கட்டையின் வெப்பநிலை 100 பாகை செல்சியசை அதிகம் தாண்டுவதில்லை. அதன்பின் ஏறத்தாழ 200 பாகைக்கு மேல் மரத்தின் பொருள்கள் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களாகவும் தார் ஆவிகளாகவும் கிளம்புகின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ இவ்வாறு ஆவிப்பொருளாகவே போகிறது, எஞ்சுவது கரி. கண்ணுக்குத் தெரியும் தழல் என்பது அந்த வாயுக்கள் காற்றோடு கலந்து எரிவதே ஆகும். கங்கு என்பது கரி எரிவது. வாயுக்கள் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 600 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும், போதிய காற்றும், அவை கலப்பதற்குச் சிறிது நேரமும் இடமும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வாயு எரியாமல் புகையாக வெளியேறுகிறது. ஆகவே புகை என்பது எரிந்து முடிந்ததன் கழிவு அன்று. எரிந்திருக்க வேண்டியதும் எரியாமற்போனதுமான விறகின் ஒரு பகுதியே அது.

இந்தப் பின்புலத்தில்தான் ஈரத்தின் பங்கு விளங்கும். விறகின் ஈரப்பதத்தை இரு முறைகளில் கணக்கிடுவர்: நீரின் எடையை ஈரமும் மரமும் சேர்ந்த மொத்த எடையோடு ஒப்பிடுவது ஒன்று, முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையோடு மட்டும் ஒப்பிடுவது மற்றொன்று. மரவேலைத் துறையினர் பின்னதையும் எரிபொருள் துறையினர் முன்னதையும் கையாள்வதால், ஒரே விறகை ஒருவர் 50 விழுக்காடு ஈரம் என்றும் மற்றவர் 100 விழுக்காடு ஈரம் என்றும் குறிப்பிட நேர்கிறது. இக்கட்டுரையில் மொத்த எடையை ஒட்டிய கணக்கே கொள்ளப்படுகிறது. அன்று வெட்டிய பச்சை மரத்தில் மரவகைக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பாதியளவு நீர் இருப்பது இயல்பு. வெயிலில் நன்கு காய்ந்த விறகில் அது 12 முதல் 20 விழுக்காடு வரை இறங்கிவிடும்.

முற்றிலும் உலர்ந்த மரம் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 4,400 கிலோ கலோரி பயன்படு வெப்பம் தருகிறது. ஈரம் 20 விழுக்காடானால் இது 3,400 அளவுக்கும், 50 விழுக்காடானால் 1,900 அளவுக்கும் குறைகிறது. இந்தக் குறைவின் பெரும்பகுதி, கிலோ ஒன்றில் மரமே குறைவாக இருப்பதால் வருவது. நீரை ஆவியாக்குவதற்கென்று நேரடியாகச் செலவாகும் வெப்பம் பலர் எண்ணுமளவுக்குப் பெரிதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பாதி நீரான ஒரு கிலோ பச்சை விறகில் அரைக் கிலோ நீரைக் கொதிநிலைக்கு ஏற்றி ஆவியாக்க ஏறத்தாழ 300 கிலோ கலோரி போதும். அதிலுள்ள அரைக் கிலோ மரம் தரக்கூடிய வெப்பத்தில் இது ஏழில் ஒரு பங்குதான். அப்படியானால் பச்சை விறகு அடுப்பில் ஏன் அவ்வளவு தொல்லை தருகிறது? இடைவிடாமல் வெளியேறும் நீராவி தழலின் வெப்பத்தைத் தாழ்த்தி, வாயுக்கள் எரிவதற்கு வேண்டிய வெப்பநிலையை எட்டவிடாமல் தடுத்துவிடுகிறது. நீருக்காகச் செலவாகும் வெப்பத்தைவிட, எரியாமல் புகையாகப் போகும் வாயுக்களால் ஏற்படும் இழப்பே பெரிது. அந்த இழப்பு அடுப்படியில் நிற்பவரின் கண்ணிலும் நுரையீரலிலும் போய்ச் சேர்கிறது என்பதே இதில் பொறுக்க முடியாத பகுதி.

வீட்டுப் புகையால் நேரும் நோய்களால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர் கிர்க் ஸ்மித் குஜராத் சிற்றூர்களிலும், பின்னர் சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் தமிழகச் சிற்றூர்களிலும் மேற்கொண்ட அளவீடுகள், சமைப்பவர் சுவாசிக்கும் புகைத் துகளின் அளவு எவ்வளவு மிகையானது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. உலர்ந்த விறகால் மட்டும் இந்தத் தீங்கு நீங்கிவிடும் என்று கூறுவது நேர்மையாகாது. ஆனால் விறகையே எரித்தாக வேண்டிய வீட்டில் ஈர விறகை எரிப்பது, இருக்கும் தீங்கைத் தேவையின்றிப் பெருக்குவதாகும்.

ஈரம் பணத்தோடும் தொடர்புடையது. விறகுக் கடைகளிலும் தொட்டிகளிலும் விற்பனை எடைக்கணக்கில் நடப்பதால், பச்சை விறகு வாங்குவோர் நீருக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றனர். பாதி நீரான ஒரு டன் விறகு 20 விழுக்காடு ஈரத்துக்கு உலரும்போது 625 கிலோவாகச் சுருங்கிவிடும். மழைக்காலத்தில் அவசரத்துக்கு வாங்கும் விறகு விலை ஏறியிருப்பதோடு எடையிலும் ஏமாற்றுகிறது என்பதை இந்த எளிய கணக்கு காட்டுகிறது.

மரவகைகளைப் பொறுத்தவரை, எடைக்கு எடை பார்த்தால் உலர்ந்த நிலையில் எல்லா மரங்களும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தையே தருகின்றன. வேறுபாடு பெரும்பாலும் அடர்த்தியில் இருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம் அளவே எடையுள்ள இலவ மரத்துக்கும் 0.8 கிராமுக்கு மேல் எடையுள்ள சவுக்குக்கும் அடுப்பு வாயில் பிடிக்கும் இடம் ஒன்றுதான். ஆகவே இலவம், முருங்கை போன்ற மென்மரங்கள் குப்பென்று எரிந்து கங்கு வைக்காமல் அடங்கிவிடுகின்றன. அடுப்பை விட்டு நகர முடியாதபடி விறகை அடிக்கடி தள்ள வேண்டியிருக்கிறது. அடர்ந்த மரங்கள் மெல்லப் பற்றி நின்று எரிந்து, சமையல் முடிந்த பின்னும் தணலாகக் கிடந்து வெந்நீருக்கும் பாலுக்கும் உதவுகின்றன.

இவ்வகையில் சவுக்கின் இடம் உயர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் நீராவி ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டிக் கடலோர மணற்பாங்கில் வளர்க்கப்பட்ட இம்மரம், கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டுப் பகுதிகளின் உழவர்க்குப் பின்னர் பணப்பயிராகவே ஆனது. சில ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வரும் சவுக்கு நேராக வளர்வதால் அடுக்குவதற்கும் அடுப்பில் வைப்பதற்கும் எளிது. ஓரளவு ஈரமிருந்தாலும் எரியும். அதன் மிளார் தீ மூட்ட உதவும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் 1980இல் வெளியிட்ட விறகு மரங்கள் குறித்த நூலிலும் சவுக்குக்குச் சிறப்பிடம் உண்டு. நாட்டுக் கருவேலமும் வெள்வேலும் உசிலையும் இதற்கு இணையான வறண்ட நிலத்து மரங்கள். புளியங்கட்டை நல்ல வெப்பம் தருமெனினும், அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் கோடாலிக்கு எளிதில் பிளக்காது. வீட்டைவிடச் செங்கல் சூளைக்கே அது பொருத்தம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகை மரமும் கற்பூர மரமும் வீட்டு விறகாகின்றன. கற்பூர மரம் காய்ந்து இறுகிய பின் பிளப்பது கடினம் என்பதால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுவது அங்குள்ளோர் கண்ட வழி.

சீமைக் கருவேலம் தனியே பேசப்பட வேண்டியது. மெக்சிகோவையும் அதன் தெற்கே உள்ள நாடுகளையும் தாயகமாகக் கொண்ட இம்மரம் 1870களில் விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாகச் சென்னை மாகாணத்துக்குள் கொண்டுவரப்பட்டது. பின்னர் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பகுதிகளில் கண்மாய்களையும் தரிசுகளையும் அது மூடிக்கொண்டது யாவரும் அறிந்ததே. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வகுத்தபோது இம்மரமும் அதன் குறிகளுள் ஒன்றாக இருந்தது. நீர்நிலைகளை மீட்கும் அந்த நோக்கம் சரியானது. அதே வேளையில், நிலமற்ற குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் காசு கொடுக்காமல் பெற்ற எரிபொருள் இதுவே என்பதையும், அந்த வட்டாரத்தின் கரிமூட்டத் தொழில் இதையே நம்பியிருப்பதையும் கணக்கிலெடுக்காத அகற்றல் முழுமையான திட்டமாகாது. விறகு என்ற அளவில் இது குறை சொல்ல முடியாத மரம்: அடர்ந்தது, நின்று எரிவது, வெட்டினால் மீண்டும் தழைப்பது. முள்ளைக் கழித்துச் சுமப்பதே இதில் பெரும்பாடு.

எரிக்கக் கூடாதவை என்றொரு வரிசையும் உண்டு. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. சதுப்புநிலக் கடற்கரையில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும். அதன் புகையும் கண்ணுக்குக் கேடு. கள்ளி, எருக்கு, அரளி ஆகியவற்றின் புகையும் தீங்கானது. அரளிக் குச்சியைத் தீ மூட்டுவதற்கும் பயன்படுத்தலாகாது. வண்ணம் பூசிய பழைய கதவு, சன்னல் சட்டங்கள், ஒட்டுப்பலகை, கரையான் மருந்தேற்றிய கட்டைகள் ஆகியவை காய்ந்திருப்பதாலும் இலவசமாகக் கிடைப்பதாலும் ஆசை காட்டும். ஆனால் அவற்றின் பூச்சிலும் பசையிலும் உள்ள ஈயம், ஆர்செனிக், ஃபார்மால்டிகைடு போன்றவை புகையிலும் சாம்பலிலும் கலக்கின்றன. தீ மூட்ட நெகிழிப் பையையோ ரப்பர்த் துண்டையோ செருகும் பழக்கம் இன்று பரவலாகிவிட்டது. விறகு ஈரமாக இருப்பதே அப்பழக்கத்துக்குக் காரணம் என்பதால், உலர்ந்த சுள்ளியும் தேங்காய் நாரும் கைவசமிருந்தால் அதற்குத் தேவையே எழாது.

மரமல்லாத எரிபொருள்களுள் தென்னையும் பனையும் தருபவை முதன்மையானவை. தென்னை மட்டையின் அடிப்பகுதி உலர நாளாகும். அதை நெடுக்காகக் கீறிப்போட்டால் விரைவில் காயும். கொட்டாங்கச்சி அடர்ந்தும் உலர்ந்தும் இருப்பதால் மிகுந்த வெப்பம் தரும். ஒரே நேரத்தில் பல துண்டுகளைத் திணித்தால் காற்றை மிஞ்சிய வாயு கிளம்பிக் கரும்புகை அடையும். பருத்திமார், துவரை மிளார், எள்ளுக்கட்டை போன்றவை அறுவடைக் காலத்துக்குரியவை. குப்பென எரிந்துவிடும் என்பதால் தோசைக்கல்லுக்கும் அவசர உலைக்கும் ஏற்றவை. உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலே. அதுவும் பெரும்பாலும் மணற்சத்தான சிலிக்கா. தளர்வாகக் கொட்டினால் அது புகையும். நடுவில் ஒரு புட்டியை நிறுத்திச் சுற்றிலும் உமியையோ மரத்தூளையோ இறுக்கி அடைத்து, பின் புட்டியை உருவி எடுத்துக் காற்றுப்போக்குக்கு வழி செய்யும் தகர அடுப்பில் அதே பொருள் மணிக்கணக்கில் தள்ளிவிடாமலே எரிகிறது. எரிபொருளுக்கும் அடுப்புக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. வறட்டி மெல்லக் கனன்று பால் காய்ச்ச உதவுமெனினும் அதன் புகை விறகின் புகையைவிடக் கடுமையானது. சாணம் வயலுக்குச் செல்வதே நிலத்துக்கும் வீட்டுக்கும் நல்லது.

இனி விறகைப் பக்குவப்படுத்தும் முறை. மரத்தை வெட்டுவதற்குத் தை, மாசி ஏற்ற காலம். வெட்டிய விறகு பங்குனி முதல் வைகாசி வரையிலான வெயிலை முழுமையாகப் பெறும். வெட்டியவுடன் துண்டாக்கிப் பிளந்துவிட வேண்டும் என்பதே இதில் தலையாய விதி. உருண்டைக் கட்டையாக ஓராண்டு கிடந்தாலும் பட்டை நீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மரத்தின் நீர் இழையின் நெடுக்கில் விரைவாகவும் குறுக்கில் மிக மெதுவாகவும் நகர்வதால், குட்டையாக அறுப்பது இரு முனைகளையும் நெருங்கச் செய்கிறது; பிளப்பது பட்டையின் தடையை நீக்குகிறது. தடிமன் இரு மடங்கானால் உலரும் காலம் நான்கு மடங்கை நெருங்கும். குளிர்நாடுகளில் இரண்டு ஆண்டு உலர்த்தச் சொல்லும் அறிவுரை தமிழகத்துக்குப் பொருந்தாது; மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்த விறகு இங்குள்ள கோடையில் இரண்டு மூன்று மாதங்களில் எரிக்கும் பக்குவத்தை அடைந்துவிடும்.

பருமனிலும் ஒரு வரம்பு உண்டு. மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் தடிமனும் ஒன்றரை அடி நீளமும் பொதுவான மண்ணடுப்புக்குப் போதும். விரல் பருமனுள்ள சுள்ளிகள் தீ மூட்டுவதற்கும் தழலை எழுப்புவதற்கும் தனியே வேண்டும். மெல்லிய விறகு நல்லதென்று எல்லாவற்றையும் சிராயாக்கிவிட்டால் அவை ஒரே நேரத்தில் வாயுவைக் கக்கி, அடுப்புக்குள் வரும் காற்று போதாமல் கரும்புகை எழும். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் உருவான அஸ்த்ரா அடுப்பு உள்ளிட்ட மேம்பட்ட அடுப்புகள் 1980களில் பரப்பப்பட்டபோது, குறுகிய அடுப்பு வாய்க்கேற்ப விறகைச் சிறிதாகப் பிளக்கும் கூடுதல் உழைப்பும் அவற்றோடு வந்தது. அந்த உழைப்பு யார் தலையில் விழும் என்ற கேள்வி அடுப்பை வடிவமைப்போரின் கணக்கில் இடம்பெற்றாக வேண்டும். கோடாலியும் ஆப்பும் கொண்டு செய்யும் அந்த வேலையை வீட்டு ஆண்கள் ஏற்காத இடங்களில், முழுக்கட்டையை அடுப்புக்கு வெளியே நீட்டி வைத்து எரிப்பதே வழக்கமாகத் தொடர்ந்தது.

அடுக்கும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரையில் கிடக்கும் விறகு மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதோடு கரையானுக்கும் இரையாகும் என்பதால், கற்கள் மேல் இரண்டு கழிகளைக் கிடத்தி அவற்றின்மீது குறுக்கும் நெடுக்குமாகக் காற்று புகுந்து போகும்படி அடுக்க வேண்டும். மேலே கூரையோ தகரமோ வேண்டும்; பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். தார்ப்பாயால் முழுதும் போர்த்தினால் உள்ளே வியர்த்துப் பூசணம் படியும். மக்கிய விறகு எடையிலும் வெப்பத்திலும் தேறாது. அடுக்கைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வைத்தால் காற்றோட்டம் கிடைப்பதோடு, தேளும் பாம்பும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கவும் வசதியாகும்.

உலர்ந்த விறகு உலர்ந்தே இருக்கும் என்றும் கொள்ளக் கூடாது. மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தோடு தன்னைச் சமன்செய்துகொண்டே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காடாக இருக்கும் நாள்களில் விறகின் ஈரம் பத்து விழுக்காட்டை ஒட்டி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும்போது, ஒரு துளி மழை படாத விறகின் ஈரமும் நாளடைவில் அந்தப் பத்து விழுக்காட்டின் இரு மடங்கு அளவை நோக்கி ஏறத் தொடங்கும். ஆகவே கடலோர மாவட்டங்களில் மழைக்கால விறகை இரு நிலையாக வைப்பது நல்லது: பெருஞ்சேமிப்பு வெளித் தாழ்வாரத்தில், நான்கைந்து நாள்களுக்குரியது அடுப்பங்கரையின் வெதுவெதுப்பில். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகை ஏற்றும் பழைய முறை இதற்கானதே. ஆனால் பரணுக்கும் தழலுக்கும் போதிய இடைவெளி விடாத ஓலைக்கூரை வீடுகளில் அது தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

விறகு பக்குவமடைந்ததை அறியக் கருவிகள் உண்டெனினும் அவை இல்லாமலும் முடியும். முனைகளில் ஆரம்போல் வெடிப்பு விடுவதும், பட்டை தானே கழல்வதும், இரண்டு கட்டைகளைத் தட்டும்போது மந்தமான ஓசைக்குப் பதிலாகக் கணீரென்ற ஓசை எழுவதும் நல்ல அறிகுறிகள். வெடிப்பு மட்டும் போதிய சான்றன்று. வெளிப்புறம் காய்ந்து வெடித்த கட்டையின் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கலாம் என்பதால், ஒன்றைப் பிளந்து உட்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது நம்பகமானது. இன்னும் உறுதி வேண்டுவோர் அடுக்கில் நான்கைந்து கட்டைகளுக்குச் சுண்ணாம்பால் குறியிட்டு, கடைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவரலாம். எடை இறங்குவது நின்றுவிட்டால், அந்தப் பருவத்தில் காற்றும் வெயிலும் உலர்த்தக்கூடிய எல்லையை விறகு எட்டிவிட்டது என்று பொருள். எரியும்போது மறுமுனையில் நுரைத்துச் சீறும் கட்டை எதையும் சோதிக்காமலே தன் ஈரத்தைத் தெரிவித்துவிடும். அதை வெளியே இழுத்து மறுபடி காயவைப்பதே முறை.

விறகின் வழங்கலை நெடுநாள் நோக்கில் காணும்போது, பெருமரங்களை வெட்டிப் பிளப்பதைவிட, வெட்ட வெட்டத் தழைக்கும் மரங்களை வேலியில் வளர்ப்பதே வீட்டடுப்புக்குப் பொருந்தும். இலங்கையில் தென்னந்தோப்புகளின் ஊடேயும் வேலிகளிலும் வளரும் கிளிசரிடியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: தழை மாட்டுக்கும் மண்ணுக்கும் போக, கைக்கடக்கமான கிளைகள் விறகாகின்றன, அவற்றைப் பிளக்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கழிக்கலாம். சீமைக் கருவேலத்தை அகற்றும் மாவட்டங்களில் மண்ணுக்கேற்ற உள்நாட்டு வேல மரங்களையும் உசிலையையும் ஊர்ப்பொது நிலத்தில் நட்டு, அகற்றுவதற்கு முன்பே அடுத்த விறகுக்கு வழி செய்துவிட்டால், பெண்கள் தலைச்சுமையாக நடக்கும் தொலைவும் குறையும். பச்சை விறகை அப்படியே அடுப்பில் செருகும் கட்டாயமும் தளரும். உலர்த்துவதற்குக் கையில் ஒரு பருவத்து இருப்பு வேண்டும். அன்றன்றைக்குப் பொறுக்கி அன்றன்றைக்கு எரிக்கும் குடும்பத்துக்கு அந்த இருப்பே முதலில் கிடைப்பதில்லை.